தோன் பெப்பேயின் டிசம்பர்

வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்ட் வந்துவிடுகிறது. கோஸ்டா ரிகா என்று ஒரு நாடு, அங்கே ராணுவமே கிடையாது, ஒரு ஜனாதிபதி சுத்தியலை எடுத்துப் படைத் தலைமையகத்தின் சுவரை உடைத்தார், மிச்சமான பணமெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. கடைசியில் கும்பிடுகிற கை இரண்டு. அதில் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால் படித்து முடிக்கும்போது அந்தச் சுத்தியல்காரர் ஏதோ காவி கட்டாத சாமியார் என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிடும். சாமியாரா? மலையில் ஆள் திரட்டி, குவாத்தமாலாவிலிருந்து விமானத்தில் துப்பாக்கி வரவழைத்து, 44 நாள் உள்நாட்டுப் போர் நடத்தி ஆட்சியைப் பிடித்தவர் அவர்.

லத்தீன் அமெரிக்க அரசியல் வரலாறு எனக்கு ரொம்ப நாளாக ஒட்டிக்கொண்ட பைத்தியம். அங்கே துப்பாக்கியோடு வந்தவர்களின் கதைகளில் பாதி ஒரே மாதிரிதான் போகும். வந்தவர் போகமாட்டார். போக வேண்டிய தேதி நெருங்கும்போது நாட்டுக்கு ஏதாவது ஆபத்து வந்துவிடும். ஹோஸே ஃபிகேரெஸ் ஃபெரெர் மட்டும் சொன்ன தேதிக்குப் போனார். பிறகு ஓட்டு வாங்கித் திரும்பி வந்தார், திரும்பவும் போனார், மூன்றாம் தடவையும் வந்து போனார். சுவரை உடைத்த கதையை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எதை உடைக்கும் வாய்ப்பு கையிலிருந்தும் அவர் உடைக்காமல் விட்டார் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1906 செப்டம்பர் 25 அன்று சான் ரமோன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர், அம்மா ஆசிரியை. இருவரும் ஸ்பெயினின் கத்தலோனியாவிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியவர்கள், வீட்டில் பேச்சு கத்தலான் மொழியில். 1924இல் மின் பொறியியல் படிக்கிறேன் என்று அமெரிக்காவுக்கு, பாஸ்டனுக்குப் போனார். பட்டம் வாங்கவில்லை. பாஸ்டன் பொது நூலகத்தில் உட்கார்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். அந்த நூலகம்தான் என் கல்லூரி என்று பிற்காலத்தில் சொல்லிக்கொள்வார். 1928இல் ஊர் திரும்பி, தலைநகர் சான் ஹோஸேவுக்குத் தெற்கே மலைக்குள் ஒரு பண்ணை வாங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘முடிவில்லாப் போராட்டம்’. ‘லா லூச்சா சின் ஃபின்’ என்று ஸ்பானிய மொழியில் சொன்னால் இன்னும் கொஞ்சம் கம்பீரம். பாதை சரியில்லாத, மண் வளம் குறைந்த மலைச்சரிவுக்கு இப்படி ஒரு பெயர் வைக்கிற ஆள் சும்மா விவசாயம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

அங்கே அவர் கற்றாழை மாதிரியான ஒரு செடியைப் பயிரிட்டு, நார் எடுத்து, கயிறு திரித்து, காப்பிக்கொட்டை மூட்டை கட்டும் சாக்குகள் நெய்தார். நாட்டின் முதல் ஏற்றுமதி காப்பி என்பதால் சாக்குக்குக் கிராக்கி உண்டு. தொழிலாளிகளுக்கு வீடு, மருத்துவ வசதி, பொதுக் காய்கறித் தோட்டம், பிள்ளைகளுக்குப் பண்ணை மாட்டின் பால் இலவசம். தன்னை விவசாயி–சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார். ஆள் குட்டை, 5 அடி 3 அங்குலம். பேச்சு மட்டும் நீளம். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘தோன் பெப்பே’. பெப்பே என்பது ஹோஸேவின் செல்லப் பெயர், தோன் மரியாதைக்கு.

இனி அவருடைய எதிரியைப் பற்றி. எதிரி மோசமான ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதையில் சுவாரசியமே இருந்திருக்காது.

ரஃபாயேல் ஆங்கெல் கால்தெரோன் குவார்தியா 1940இல் ஜனாதிபதியானார். பெல்ஜியத்தில் படித்த டாக்டர், ஏழைகளிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர், தீவிரக் கத்தோலிக்கர். காப்பி முதலாளிகள் ‘நம்ம பிள்ளை’ என்று நம்பித்தான் அவரை ஏற்றிவிட்டார்கள். அவரோ வந்தவுடன் கோஸ்டா ரிகா பல்கலைக்கழகத்தைத் திறந்தார், 1941இல் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றும் அந்நாட்டில் காய்ச்சல் வந்தாலும் ஆபரேஷன் என்றாலும் ஜனங்கள் போய் நிற்கும் ‘காஹா’ அதுதான். 1943இல் எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை எல்லாம் அடங்கிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. முதலாளிகள் பதறிப்போனார்கள். ஆதரவுக்கு ஆள் தேவைப்பட்டபோது கால்தெரோன் ஒரு விசித்திரக் கூட்டணியைக் கட்டினார்: ஒரு கையில் பேராயர் விக்தோர் சனாப்ரியா, இன்னொரு கையில் கம்யூனிஸ்ட் தலைவர் மானுவேல் மோரா. கத்தோலிக்கர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று மோரா தன் கட்சியின் பெயரையே மாற்றிவிட்டார். இனி இதில் கத்தோலிக்கர்கள் சேரலாம், பாவமில்லை என்று பேராயர் எழுதிக் கொடுத்தார். உலகத்தில் வேறெங்கும் அந்தக் காலத்தில் இப்படியொரு படம் கிடைக்காது.

ஆனால் அதே கால்தெரோன் ஆட்சியில் ஊழல் புகார், தேர்தல் தில்லுமுல்லு, எதிர்த்தவர்களுக்கு அடிஉதை எல்லாம் இருந்தன. 1942 ஜூலை 2 அன்று லிமோன் துறைமுகத்தில் நின்றிருந்த சான் பாப்லோ என்ற சரக்குக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. இருபது பேருக்கு மேல் செத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தலைநகரில் கண்டன ஊர்வலம். அது ஜெர்மானியர், இத்தாலியர், ஸ்பானியர் கடைகளைச் சூறையாடும் கலவரமாக மாறியது. போலீஸ் வேடிக்கை பார்த்தது. ஜூலை 8 அன்று தோன் பெப்பே வானொலியில் காசு கொடுத்து நேரம் வாங்கி, அரசை ஒரு பிடி பிடித்தார். பேச்சு முடியும் முன்னே போலீஸ் ஸ்டுடியோவுக்குள் புகுந்துவிட்டது. நிறுத்தச் சொல்கிறார்கள், அதனால் சொல்ல வந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன், இந்த அரசு செய்ய வேண்டிய ஒரே வேலை போய்விடுவதுதான் என்று சொல்லி முடித்தார். அதுவரை கயிற்று வியாபாரியாக மட்டும் தெரிந்தவரை அன்று நாடே தெரிந்துகொண்டது. கைது செய்து நாடு கடத்தினார்கள். இந்த மாதிரி ஆளைப் பேசி முடிக்க விட்டிருந்தால் இரண்டு நாளில் ஜனங்கள் மறந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மெக்சிகோவில் இரண்டு வருடம். அங்கேதான் அவர் மாறினார். கரீபியத் தீவுகளிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் சர்வாதிகாரிகளுக்குத் தப்பி வந்த அரசியல் அகதிகள் அங்கே கூட்டமாக இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கனவு: துப்பாக்கியோடு ஊர் திரும்புவது. 1944இல் தோன் பெப்பே நாடு திரும்பினாலும் அந்தத் தொடர்பை விடவில்லை. 1947 டிசம்பரில் குவாத்தமாலாவில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கோஸ்டா ரிகாவில் ஆட்சி மாற உதவினால், பிறகு அங்கிருந்து நிகராகுவாவின் சொமோசாவையும் டொமினிக்கன் குடியரசின் த்ருஹியோவையும் கவிழ்க்கத் துணை நிற்பேன் என்பது சாரம். இந்தத் தேதி முக்கியம். 1948 பிப்ரவரித் தேர்தலில் மோசடி நடந்ததால்தான் ஆயுதம் எடுத்தார் என்று பாடப்புத்தகம் சொல்லும். தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பே ஆயுதத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. மோசடி அவருக்குக் காரணம் தந்தது, தயாரிப்பு முன்பே முடிந்திருந்தது.

அந்தத் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் பத்திரிகையாளர் ஒத்திலியோ உலாத்தே. கால்தெரோன் மறுபடி போட்டியிட்டார். உலாத்தே ஜெயித்தார் என்று தேர்தல் தீர்ப்பாயம் சொன்னது. வாக்குச்சீட்டுகளில் ஒரு பகுதி தீயில் எரிந்துபோனது. மார்ச் 1 அன்று கால்தெரோன் ஆட்கள் நிறைந்த நாடாளுமன்றம், தேர்தலையே செல்லாது என்று அறிவித்தது. மார்ச் 12, மலையில் முதல் குண்டு.

போரை விவரமாக எழுதினால் கட்டுரை நீண்டுவிடும். தோன் பெப்பேயின் ஆட்கள் முதல் வேலையாகத் தெற்கே சான் இசித்ரோ விமானத்தளத்தைப் பிடித்து, அங்கே கிடைத்த பயணிகள் விமானங்களையே குவாத்தமாலாவுக்கு அனுப்பி ஆயுதம் ஏற்றி வந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் சில நூறு பேர் கொண்ட சோப்ளாங்கி ராணுவம், கூடவே மானுவேல் மோரா அனுப்பிய வாழைத்தோட்டத் தொழிலாளிகள். உண்மையான சண்டையைப் போட்டவர்கள் அந்தத் தொழிலாளிகள்தான். வெப்பமான கடலோரத்திலிருந்து வந்தவர்களுக்குச் சான் ஹோஸே மலைக்குளிர் தாங்கவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டே திரிந்தார்கள். நகரத்துக்காரர்கள் சிரித்து, அவர்களுக்கு ‘மரியாச்சிகள்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள், மெக்சிகோ பாட்டுக்காரர்கள் போல இருக்கிறார்களாம். அந்தப் போர்வைகளோடே நிறையப் பேர் செத்தார்கள். சுமார் 2000 பேர் இறந்ததாகச் சொல்வார்கள். அத்தனை சின்ன நாட்டுக்கு அது பெரிய காயம். தோன் பெப்பேயின் அமெரிக்க மனைவி ஹென்ரியெட்டா பாக்ஸ் சின்னப் பிள்ளைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு மலை தாண்டித் தப்ப வேண்டியிருந்தது. அலபாமாவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில் இந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டவர். பின்னாளில் விவாகரத்து. 2020இல் 102 வயதில் இறந்தார்.

ஏப்ரலில் லிமோனும் கார்த்தாகோவும் விழுந்தன. அப்புறம் ஒச்சோமோகோ மேட்டில் ஒரு சந்திப்பு. ஒரு பக்கம் தோன் பெப்பே, மறுபக்கம் மானுவேல் மோரா. மோராவிடம் இன்னும் ஆயுதம் தாங்கிய தொழிலாளிகள் இருந்தார்கள். தலைநகரைத் தெருத்தெருவாகப் பிடிக்க வேண்டியிருந்தால் ரத்தம் ஆறாக ஓடியிருக்கும். மோரா கேட்டது, சமூகக் காப்பீட்டிலும் தொழிலாளர் சட்டத்திலும் கைவைக்கக் கூடாது என்று. தோன் பெப்பே ஒப்புக்கொண்டார். சட்டங்களும் இருக்கும், மேலே கூட்டவும் செய்வேன் என்றார். ஏப்ரல் 19 அன்று மெக்சிகோ தூதரகத்தில் முறையான ஒப்பந்தம், தோற்றவர்களின் உயிருக்கும் உடைமைக்கும் உத்தரவாதம், பழிவாங்கல் கிடையாது.

இதில் பாதியைத்தான் அவர் காப்பாற்றினார்.

சட்டங்கள் பத்திரமாக இருந்தன. காஹா ஒழிக்கப்படவில்லை. தொழிலாளர் சட்டம் ரத்தாகவில்லை. அவரைக் கொண்டுவந்த கூட்டத்தில் பாதிப் பேர் காப்பி முதலாளிகள். கால்தெரோனின் சட்டங்களைக் குழிதோண்டிப் புதைப்பார் என்று நம்பிக் காசு கொடுத்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது வேறு. மே 8 அன்று தோன் பெப்பே தலைமையில் ‘இரண்டாம் குடியரசின்’ ஆட்சிக்குழு பதவியேற்றது. ஜூன் 21 அன்று தனியார் வங்கிகள் தேசியமயம். கூடவே பெரிய சொத்துகளின் மேல் 10 சதவீத வரி. முதலாளிகள் வாயடைத்துப் போனார்கள். கம்யூனிஸ்டை விரட்ட ஓர் ஆளைப் பிடித்தால் அவன் பேங்கையே பிடுங்குகிறான்!

ஆனால் ஆட்கள்? கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை விலகவே 1975 ஆனது. ஒச்சோமோகோவில் கை கொடுத்த மோராவின் கட்சிதான் அது. தோற்றவர்கள் பலர் சிறைக்குப் போனார்கள், பலர் நாட்டை விட்டே போனார்கள், வேலை போனவர்கள் அநேகம். தனி நீதிமன்றம் வைத்துத் தண்டித்தார்கள். போரில் எதிரி ஊன்றிய மரத்தை வெட்டாமல், ஊன்றியவர்களை மட்டும் தோட்டத்திலிருந்து துரத்தினார் என்று சொல்லலாம்.

இப்போது அந்த டிசம்பருக்கு வருவோம்.

1948 டிசம்பர் 1, பெல்லாவிஸ்தா படைவீடு. தலைநகரின் ஒரு மேட்டில் கோட்டை மாதிரி நிற்கும் கட்டடம். தோன் பெப்பே பெரிய சுத்தியலால் சுவரில் ஓங்கி அடித்தார். கட்டடத்தின் சாவி கல்வித் துறைக்கு, இனி இது அருங்காட்சியகம். இப்போது அங்கே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைந்ததும் பட்டாம்பூச்சித் தோட்டம். உள்நாட்டுப் போரின் குண்டு பட்ட ஓட்டைகளை வெளிச்சுவரில் மூடாமல் விட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 3, அமெரிக்க நாடுகளின் ரியோ பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டின் மேல் படையெடுத்தால் எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வது என்ற ஒப்பந்தம்.

டிசம்பர் 8, அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல். மொத்தம் 45 இடம். உலாத்தேயின் கட்சிக்கு 34. தோன் பெப்பேயின் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 4. நான்கே நான்கு! நாட்டை வென்ற தளபதி, ஆட்சியில் உட்கார்ந்திருப்பவர், துப்பாக்கி அவர் பக்கம், ஜனங்கள் அவருக்குக் கொடுத்தது 4 இடம்.

டிசம்பர் 10, கால்தெரோன் ஆட்கள் நிகராகுவா எல்லையிலிருந்து படையெடுத்தார்கள். பின்னால் சொமோசா. ராணுவத்தை ஒழித்து பத்தே நாள். தன்னார்வலர்களைத் திரட்டி எல்லைக்கு அனுப்பிவிட்டு, தோன் பெப்பே அமெரிக்க நாடுகள் அமைப்பின் கதவைத் தட்டினார். மை காய்ந்தும் காயாத ரியோ ஒப்பந்தம் வேலை செய்தது.

டிசம்பர் 19 இரவு, லிமோன் சிறையிலிருந்த ஆறு கைதிகளை, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களும் தொழிற்சங்கத்தினருமாக, சான் ஹோஸேவுக்கு மாற்றுகிறோம் என்று ரயில் பாதையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ‘சாத்தானின் முழங்கை’ என்று பெயர் பெற்ற ஒரு வளைவில் ஆறு பேரையும் சுட்டுக் கொன்றார்கள். அவர் உத்தரவு போட்டாரோ இல்லையோ, ஆட்சி அவருடையது, சுட்டவர்கள் அவருடைய படையாட்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்ட் டிசம்பர் 1ஆம் தேதியோடு நின்றுவிடுவது சும்மா இல்லை.

ராணுவத்தை ஏன் ஒழித்தார்? தோற்றுப்போன பழைய ராணுவம் கால்தெரோன் பக்கம் சாய்ந்தது. அதைக் கலைப்பது சுலபமான முடிவு. கஷ்டம் ஜெயித்த படையில்தான் இருந்தது. தோன் பெப்பே கூட்டி வந்த படை அது. ஜெயித்த படை சும்மா இருக்காது, பங்கு கேட்கும். கரீபியத் தோழர்கள் குவாத்தமாலா ஒப்பந்தத்தைக் காட்டி, இனி சொமோசாவைக் கவிழ்க்கப் புறப்படு என்று நின்றார்கள். கஜானாவில் காசும் இல்லை. வெளியிலிருந்து அடி வந்தால் ரியோ ஒப்பந்தம் இருக்கிறது. ஆக, ஒரே சுத்தியல் அடியில் பழைய எதிரி, நாளைய போட்டியாளர், கடன்காரக் கூட்டாளி மூன்று பேருக்கும் கதவைச் சாத்திவிட்டார். கருணை கொஞ்சம் இருந்திருக்கலாம், கணக்கு நிறையவே இருந்தது. அதனால் எனக்கு மரியாதை குறையவில்லை. கணக்குப் போட்டு நல்லது செய்கிறவர்களைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

யோசனையை முதலில் சொன்னவர் என்று பலரும் சொல்வது பாதுகாப்பு அமைச்சர் எட்கர் கார்தோனாவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1949 ஏப்ரலில் அதே கார்தோனா, வங்கி தேசியமயத்தையும் 10 சதவீத வரியையும் ரத்து செய் என்று கேட்டு, அதே பெல்லாவிஸ்தாவைப் பிடித்துக்கொண்டு கலகம் செய்தார்! ஓரிரு நாளில் அடங்கிவிட்டது. ராணுவத்தைக் கலைக்கச் சொன்னவரே கலகம் செய்தால், கலைக்காமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிர்ணய சபை அவருடைய அரசியல் சட்ட வரைவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அவர் சபையைக் கலைக்கவில்லை. தன் ஆட்கள் நான்கு பேரையும் உட்கார்ந்து வாதாட விட்டார். அந்த நால்வரும் விடாமல் மல்லுக்கட்டிப் பல விஷயங்களை உள்ளே நுழைத்தார்கள். நிரந்தர அமைப்பாக ராணுவம் கூடாது என்பது 12ஆவது பிரிவு. பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. சுதந்திரமான தேர்தல் தீர்ப்பாயம் வந்தது. வாழைத்தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் ஜமைக்காவிலிருந்து வந்து லிமோனிலேயே பிள்ளை பெற்றும் அந்நியராகவே இருந்த கறுப்பினத்தாருக்குக் குடியுரிமைக்கு வழி பிறந்தது. பின்னாளில் நாட்டின் நதிகளையெல்லாம் மின்சாரமாக்கிய அரசு மின் நிறுவனம் தொடங்கியதும் அந்த 1949இல்தான்.

1949 நவம்பர் 8, பதினெட்டு மாதம் முடிந்தது. உலாத்தேவிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் பண்ணைக்குப் போனார்.

கட்சி கட்டினார், 1951இல் தேசிய விடுதலைக் கட்சி. 1953 தேர்தலில் சுமார் 65 சதவீத ஓட்டு. இப்போது முறையான ஜனாதிபதி. அடுத்த ஐந்து வருடத்தில் அவர் செய்த காரியங்களில் யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியின் விவகாரம்தான் என்னை அதிகம் இழுக்கிறது. பக்கத்தில் குவாத்தமாலாவில் ஹகோபோ ஆர்பென்ஸ் அதே கம்பெனியின் தரிசு நிலத்தை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்தார். 1954 ஜூனில் சிஐஏ ஏற்பாடு செய்த கலகத்தில் பதவி போய், நாடு நாடாக அலைந்தார். அதே 1954இல் தோன் பெப்பே அந்தக் கம்பெனியோடு மேசையில் உட்கார்ந்து பேரம் பேசி, லாபத்தில் அரசுக்கு வரும் வரியை 15இலிருந்து 30 சதவீதமாக்கினார். நிலத்தைத் தொடவில்லை. ஆர்பென்ஸ் கேட்டது நியாயம், தோன் பெப்பே வாங்கியது காசு. ஏன் இவரை வாஷிங்டன் விட்டுவைத்தது? கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்தவர் என்ற சான்றிதழ் இவர் சட்டைப்பையில் இருந்தது. மோராவுக்குச் செய்த துரோகம் இங்கே இவருக்குக் கவசமாயிற்று. இதை எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது.

1955 ஜனவரியில் நிகராகுவாவிலிருந்து மறுபடி படையெடுப்பு. இந்த முறை விமானங்களோடு. ராணுவம் இல்லாத நாட்டுக்கு அமெரிக்கா நான்கு பி-51 போர் விமானங்களை விற்றது. விலை? ஒன்றுக்கு ஒரு டாலர். சொமோசா தோன் பெப்பேயைத் தனிச்சண்டைக்கு, நேருக்கு நேர் துப்பாக்கி எடுக்கும் சண்டைக்குக் கூப்பிட்டார். கோடை வெயிலில் நிற்கும் ஆட்டை விட அந்த ஆளுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று தோன் பெப்பே சிரித்துவிட்டாராம்.

சர்வாதிகாரிகளை அவருக்குக் கண்டாலே ஆகாது. வெனிசுவேலாவில் சர்வாதிகாரி ஆள்கிறார் என்பதற்காகவே 1954இல் கராகஸில் நடந்த அமெரிக்க நாடுகளின் மாநாட்டுக்கு ஆள் அனுப்ப மறுத்தார். 1958இல் அதே கராகஸில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்சனின் மேல் கூட்டம் காறித் துப்பியது. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசப் போன தோன் பெப்பே, துப்பியதை நான் ஆதரிக்கவில்லை, ஆனால் ஒரு வெளியுறவுக் கொள்கையின் மேல் துப்ப முடியாதே, அதனால் ஆளின் மேல் துப்பினார்கள் என்ற பொருளில் முகத்துக்கு நேரே சொன்னார். அதே வருடம் அவருடைய கட்சி பிளவுபட்டுத் தேர்தலில் தோற்றது. எதிர்க்கட்சியின் மரியோ எச்சாந்தியிடம் பதவியைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

கியூபக் காட்டில் இருந்த காஸ்ட்ரோவுக்கு 1958இல் கோஸ்டா ரிகாவிலிருந்து ஒரு விமானம் நிறைய ஆயுதம் போனதில் அவர் கை உண்டு. அந்த உரிமையில் 1959 மார்ச்சில் ஹவானா மேடையேறி, பனிப்போரில் நாம் அமெரிக்கா பக்கம்தான் நிற்க வேண்டும் என்று சொல்லப்போக, ஒரு தொழிற்சங்கத் தலைவர் மைக்கைப் பிடுங்கினார். காஸ்ட்ரோ பதிலுக்கு வாங்கு வாங்கென்று வாங்கினார். பின்னாளில், 1970களில், சிஐஏவோடு தான் பலவிதமாக ஒத்துழைத்ததையும் தோன் பெப்பேயே ஒப்புக்கொண்டார். பணம் வாங்கி இடதுசாரி ஜனநாயகவாதிகளுக்குப் பள்ளி நடத்தியதும் அதில் சேர்த்தி. வெட்கப்படவும் இல்லை. சர்வாதிகாரிகளைக் கவிழ்க்க எவன் காசு கொடுத்தாலும் வாங்குவேன் என்கிற மாதிரி ஆள்.

1970இல் மூன்றாம் முறை ஜெயித்தார். இந்த ஆட்சியைப் பற்றி எழுத எனக்குக் கை வராது. ராபர்ட் வெஸ்கோ என்ற அமெரிக்கப் பணக்காரர், முதலீட்டாளர்களின் 22 கோடி டாலருக்கு மேல் சுருட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், தப்பி வந்து கோஸ்டா ரிகாவில் தங்கினார். தோன் பெப்பேயின் சொந்தக் கம்பெனியில் 20 லட்சம் டாலருக்கு மேல் போட்டார். அந்த ஆளைத் திருப்பி அனுப்பச் சிரமமாகும்படி சட்டமே மாறியது. ஜனங்கள் அதை ‘வெஸ்கோ சட்டம்’ என்றார்கள். 10 சதவீத வரி போட்டு முதலாளிகளை அலறவிட்ட மனிதர், திருட்டுக் குற்றம் சுமந்து வந்த பணக்காரரைத் தன் திண்ணையில் உட்காரவைத்தார். கம்பெனிக்குப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான் காரணம்.

ஆனால் அதே ஆட்சியில் 1971 டிசம்பரில் நிகராகுவாவிலிருந்து கடத்தப்பட்ட விமானம் ஒன்று சான் ஹோஸேவில் இறங்கியபோது, 65 வயது ஜனாதிபதி சப்-மெஷின் துப்பாக்கியோடு ஓடுபாதைக்கே போய் நின்று, சக்கரங்களைச் சுடச் சொன்னார். தேசிய இசைக்குழுவைப் புதிதாக்கி, பிள்ளைகளுக்கென்று இளைஞர் இசைக்குழுவும் தொடங்கினார்கள். விவசாய நாட்டில் இதற்கெல்லாம் காசா என்று கேட்டவர்களிடம், “வயலின் இல்லாமல் டிராக்டர் எதற்கு?” என்றார். இந்த ஒரு வரிக்காக அவருக்கு நான் நிறைய மன்னிப்பேன். வெஸ்கோவை மன்னிக்க முடியவில்லை.

கால்தெரோன் என்ன ஆனார்? பத்து வருட அகதி வாழ்க்கைக்குப் பிறகு நாடு திரும்பி, 1962இல் தேர்தலில் நின்று தோற்று, 1970இல் இறந்தார். பிறகு நாடாளுமன்றம் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த கௌரவப் பட்டத்தைக் கொடுத்தது. அவர் அகதியாக இருந்தபோது 1949இல் நிகராகுவாவில் பிறந்த மகன் ரஃபாயேல் ஆங்கெல் கால்தெரோன் ஃபூர்னியே 1990 மே 8 அன்று கோஸ்டா ரிகாவின் ஜனாதிபதியானார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 8 அன்று, தோன் பெப்பே இறந்தார்.

நான்கு வருடம் கழித்து கால்தெரோனின் மகன் பதவியை ஒப்படைத்தது தோன் பெப்பேயின் மகன் ஹோஸே மரியா ஃபிகேரெஸிடம். இரண்டாம் மனைவி கேரன் ஓல்சென்னுக்குப் பிறந்தவர். 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தை ஐநா சார்பில் ஒருங்கிணைத்த கிறிஸ்தியானா ஃபிகேரெஸ் இவருடைய சகோதரி. அப்பாக்கள் சண்டை போட்டார்கள், மகன்கள் 1995இல் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். அதை ஒட்டி ஆசிரியர்களின் ஓய்வூதியத்தில் கைவைக்கப்போய், பள்ளி ஆசிரியர்கள் பெருவேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவத்தை ஒழித்து ஆசிரியரை வளர்த்த நாட்டில் ஆசிரியர்கள்தான் தெருவுக்கு வந்தார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். கால்தெரோனின் மகன் 2009இல் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. வழக்கு எதைப் பற்றி? காஹாவுக்கு மருத்துவக் கருவிகள் வாங்கியது பற்றி. அப்பா 1941இல் தொடங்கி, எதிரி 1948இல் தொடாமல் விட்ட அதே காஹா.

ஹோஸே மரியா ஃபிகேரெஸ் 2022இல் மறுபடி ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். இரண்டாம் சுற்றில் ரோத்ரிகோ சாவேஸிடம் தோற்றார். வாக்கு எண்ணிக்கை போய்க்கொண்டிருந்த அன்று இரவே தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டார்.